மூலைவாட்டில் ஓர் இறக்கம்

எஸ் எதுக்கு டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டுவைத்த கேள்வி, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து குழல்வாய்மொழிக்குப் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்காக இருந்தது. நாக்கு சும்மா இருந்தால்தானே. இப்போது தென்காசியில் ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளியின் கூடத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று அடித்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் தன் எண்ணை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும்போதும் நாக்கு அங்கேதான் போனது. கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. பக்கத்து அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கும் அலுவலர், மாவட்டம் விட்டு மாவட்டம் போக எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்பார். திரையில் காலியிடங்கள் ஓடும். மூச்சுவிடுகிற நேரத்துக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விருப்பமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள் விருப்பமில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தாள். விண்ணப்பம் போட்டு, லீவு சொல்லி, காலையிலிருந்து வரிசையில் காத்துக் கிடந்து, கடைசியில் விருப்பமில்லை என்று எழுதுவதற்கு ஒரு பொம்பளை மெனக்கெட்டு வருவாளா? அவள் வந்தாள். கணவன் தீர்த்தகிரி அரூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். அவள் இங்கே சுரண்டைக்குப் பக்கத்தில் பிளஸ் டூ கணக்கு டீச்சர். மகள் யாழிசை இவளோடும் இவள் அப்பாவோடும் வளர்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எட்டு வருஷம் இப்படியே போய்விட்டது. இன்றைக்கும் விருப்பமில்லை என்று எழுதினால் ஒன்பது. அதைத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் மனசு எஸ்ஸிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

கேட்டவள் முப்பிடாதி. போன வருஷம் இவளிடம் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்திலேயே அவள் அப்படித்தான், எல்லாப் பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள், அப்புறம் ஒரு கேள்வி கேட்பாள், மணி அடித்துக் காப்பாற்றும். இந்தக் கேள்விக்கு மணியும் அடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பியிருந்தாள், பின்னால் ஹாஸ்டல் தட்டுகளின் சத்தம். "டீச்சர், எக்ஸ் பக்கம் போனாலும் ஏறுது, ஒய் பக்கம் போனாலும் ஏறுது. அப்ப நாம நிக்கது பள்ளந்தான? பெறவு எதுக்கு எஸ்ஸக் கேக்காங்க? சார்ட்ட கேட்டேன், பார்முலா அதுதாம்மா, போடுங்காரு." குழல்வாய்மொழி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அந்த சார் சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருப்பாள், அதுதான் சுட்டது. பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி படிக்கும்போது வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும்: ஆர்டி மைனஸ் எஸ் ஸ்கொயர் பாசிட்டிவ், ஆரும் பாசிட்டிவ் என்றால் பள்ளம், ஆர் நெகட்டிவ் என்றால் மேடு, மொத்தமுமே நெகட்டிவ் என்றால் சேணம், குதிரைமேல் போடுகிற சேணம், பூச்சியம் வந்தால் சோதனை கையை விரித்துவிடும். அந்தப் பேப்பரில் அவள்தான் வகுப்பில் முதல். ஆர் என்பது எக்ஸ் திசையில் தரை எப்படி வளைகிறது என்பது, டி என்பது ஒய் திசையில் எப்படி வளைகிறது என்பது. எஸ் என்பது இரண்டும் கலந்த ஒன்று. கலந்தது என்றால் என்ன கலந்தது, எதற்குக் கலந்தது, அதை ஏன் ஸ்கொயர் பண்ணிக் கழிக்க வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மார்க் கூடியிருக்காது. ஒரு டீச்சராகப் பதினான்கு வருஷம் சாக்பீஸ் தின்றவளுக்கு இப்போது கேட்கத் தோன்றுகிறது, பிள்ளை கேட்டதால் தோன்றுகிறது. வெட்கமாகத்தான் இருந்தது, அதை ஒளிப்பானேன்.

மின்விசிறி டக் டக் என்று ஒரு பக்கம் சாய்ந்தபடி சுற்றியது. முப்பிடாதிக்கு ஆரியங்காவுக் கணவாயை உதாரணம் சொல்லலாமா என்று முதலில் நினைத்தாள். செங்கோட்டை தாண்டி மலைக்குள் நுழைந்து புனலூருக்குப் போகிற சாலை ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நிமிரும், அதற்கப்புறம் இறக்கம். சாலையில் வருகிறவனுக்கு அந்த இடம் உச்சி. அதே இடத்தில் நின்று வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தால் இரண்டு பக்கமும் மலை, அந்த மலைகளிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு அதுதான் அடிவாரம். ஒரே இடம் ஒருத்தனுக்கு மேடு, இன்னொருத்தனுக்குப் பள்ளம். கணவாய் என்றாலும் அதுதான், சேணம் என்றாலும் அதுதான். ஒவ்வொரு தடவை அந்தப் பஸ்ஸில் போகும்போதும் யாழிசையின் காது அடைத்துக்கொள்ளும், வாயைத் திற, வாயைத் திற என்று இவள் சொல்வாள். சரி, நல்ல உதாரணம். ஆனால் முப்பிடாதி கேட்டது அது இல்லையே. கணவாயில் ஒரு திசை ஏறுகிறது, மற்ற திசை இறங்குகிறது, குருடனுக்கும் தெரியும். அவள் கேட்டது இரண்டு திசையும் ஏறுகிற இடத்தை. கிழக்கே போனாலும் ஏற்றம், வடக்கே போனாலும் ஏற்றம், இருந்தாலும் அது பள்ளம் இல்லையாம். அது எப்படி. இவள் மறுபடி ஆரியங்காவுக்குப் போனாள், மறுபடி பஸ் பெருமூச்சு விட்டது, மறுபடி காது அடைத்தது. செக்குமாடாய்ச் சுற்றிச் சுற்றி அதே இடம். பக்கத்து அறைக் கதவு திறந்து ஒரு எண்ணைக் கூப்பிட்டார்கள், இவளுடையது இல்லை.

பக்கத்தில் இருந்த அமலோற்பவம் டீச்சர் டப்பாவைத் திறந்து முறுக்கை நீட்டினாள். வேதியியல் டீச்சர், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலந்தான், தூத்துக்குடியில் மகள் பக்கத்தில் போய்விட வேண்டும் என்று வந்திருக்கிறாள். ஊர் உலகத்தில் யார் எந்தப் பள்ளிக்குக் கண் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டுக்காரர் அரூர்ல இருக்கையில கணவன் மனைவி முன்னுரிமைன்னு கேட்டு முன்னாலயே போயிருக்கலாமே, ஏன் சாதாரண வரிசையில வந்து கெடக்கே என்று கேட்டாள். குழல்வாய்மொழி முறுக்கைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்த முன்னுரிமைக்கான சான்றிதழை அவள் வாங்கவே இல்லை. வாங்கினால் அரூருக்குத்தான் போக வேண்டும். அரூருக்குப் போய்ப் பார்த்தாயிற்று. யாழிசை சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறை முழுக்க அங்கே இருந்தாள். மாமியார் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும், நல்ல மனுஷி. ஆனால் அது அவள் அடுப்பு. உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் நீ உட்காரும்மா நான் போடுறேன் என்பாள். குழம்பு வைக்கப் போனால் உங்க ஊர் மாதிரி புளி விடாதம்மா, அவனுக்கு ஆவாது என்பாள். அந்த அவன், தன் வீட்டுக்குள் நுழைந்ததும் பத்து வயசுப் பையனாகிவிடுவான், தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு வாசலில் போய் நிற்பான், பொண்டாட்டி முகத்தை நேராகப் பார்க்க அவனுக்கு அந்த வீட்டில் கூச்சம். விடுமுறை முடிந்து திரும்பின பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை, நிம்மதி வந்தது, அதை நினைத்துத்தான் அழுதாள். எக்ஸ் திசையில் ஒரு தடவை போய்ப் பார்த்தாயிற்று, ஏற்றம்.

ஒய் திசையையும் பார்க்காமல் விடவில்லை. அவன் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வந்து, பிடித்தால் இங்கேயே மாறுதல் கேட்கலாம் என்று மூன்று மாசம் இருந்தான். அப்பா காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மடித்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார், மாப்பிள்ளை கேட்கமாட்டான், அவரும் தரமாட்டார். வீட்டோட மாப்பிள்ளை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாததுதான் அதிகமாகக் கேட்டது. சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால் எழவா விழுந்துட்டு, நீங்க ஏன் மாப்ள கழுவுதீய என்பார். கழுவாமல் எழுந்தால் ஒரு பார்வை. தீர்த்தகிரி மெலிந்துபோனான். சாயங்காலம் டீக்கடைக்குப் போனவன் கடை அடைக்கிற வரைக்கும் வரமாட்டான், கடைக்காரரே சார் வீட்ல தேடமாட்டாங்களா என்று கேட்டாராம், அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான், சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. விடுப்பு முடிவதற்கு முன்னாலேயே கிளம்பினான். இவளும் தடுக்கவில்லை. அந்தத் திசையும் ஏற்றம். அப்போதுதான் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள், இப்போ இருக்கிற இடமே தேவலை என்று. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அமலோற்பவம் டீச்சர் யாரைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தாள், குழல்வாய்மொழி திடுக்கிட்டு, தன்னைத்தானோ என்று பார்த்தாள்.

முடிவுக்கு வந்த பிறகு சண்டை இல்லை. அதைத்தான் ஊரும் மெச்சுகிறது. தினமும் ஒன்பது மணிக்குப் போன், சாப்டியா, சாப்பிட்டேன், பாப்பா தூங்கிடுச்சா, தூங்கிட்டா. முன்பெல்லாம் போனில் அழுதிருக்கிறாள், கத்தியிருக்கிறாள், போனை வைத்துவிட்டு மறுபடி அவளே கூப்பிட்டிருக்கிறாள். இப்போது எந்தப் பக்கமும் சரிவு இல்லை. சமதரை. அவள் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வது, முதல் வகைக்கெழு பூச்சியம் என்றால் சந்தோஷப்படாதீங்க, தரை சமமா இருக்குன்னுதான் அர்த்தம், நிக்கது பள்ளமா மேடான்னு அதுக்குத் தெரியாது, அதுக்குத்தான் ரெண்டாவது தடவ வகையிடுதோம். அவர்கள் வாழ்க்கை சமதரை என்பதை எல்லாரும் பள்ளம் என்று எடுத்துக்கொண்டார்கள். கஷ்டத்தின் அடிமட்டம் இது, இதற்குக் கீழே குறையாது, ஆகவே அசையாதே. போன பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது மொட்டைமாடியில் துணி எடுக்கையில் அவன் சொன்னான், "ரெண்டு பேரும் எங்கனா தெரியாத ஊருக்குப் போயிடலாமா குழலி?" அவள் கொடியிலிருந்து போர்வையை உருவிக்கொண்டே, கிறுக்கா பிடிச்சிருக்கு, அப்பாவ யாரு பாத்துக்குவா, உங்கம்மாவ யாரு பாத்துக்குவா என்றாள். அவன் போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினான், அவ்வளவுதான், அந்தப் பேச்சு போர்வைக்குள் மடிந்துவிட்டது. அவன் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டிலேயே இளைய மகன் இருக்கிறான். அப்பா? இன்று காலை இவள் செருப்பு மாட்டும்போது அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், "இந்த வருசமும் என்னையச் சாக்கு சொல்லாத. ஒனக்குப் போவ மனசு இல்லன்னா இல்லன்னு எழுது, என் பேர எழுதாத." அது கோபமா, அனுமதியா, தெரியவில்லை. அவரோடு நாற்பது வருஷம் இருந்தும் தெரியவில்லை. பூச்சியம் வந்தால் சோதனை கையை விரித்துவிடும். அப்படிப் பூச்சியம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டாள், கேட்டது பார்முலாவுக்கா வாழ்க்கைக்கா என்று பிரிக்க முடியவில்லை.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். மூடியில் ஒட்டியிருந்த ஈரம் விரலில் பட்டது. பெஞ்சின் மரத்தில், யாரோ ஒரு பிள்ளை காம்பஸ் முனையால் கிறுக்கியிருந்த பூவுக்குப் பக்கத்தில், விரலால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு இழுத்தாள். சரி, நேராக ஒன்றைப் போட்டுத்தான் பார்ப்போமே. எக்ஸ் ஸ்கொயர், கூட்டல் ஒய் ஸ்கொயர், கழித்தல் மூன்று எக்ஸ் ஒய். எக்ஸ் மட்டும் ஒன்று நகர்ந்தால் விடை ஒன்று, ஏற்றம். ஒய் மட்டும் ஒன்று நகர்ந்தால் விடை ஒன்று, ஏற்றம். முப்பிடாதி சொன்ன அதே இடம். ஆரும் இரண்டு, டியும் இரண்டு, இரண்டும் பாசிட்டிவ், நடுவில் நிற்கிறவன் பள்ளத்தில் நிற்பதாகத்தான் நினைப்பான். இப்போது இரண்டும் சேர்ந்து நகர்ந்தால்? ஒன்றும் ஒன்றும் இரண்டு, மூன்றைக் கழித்தால் மைனஸ் ஒன்று. அவள் மறுபடி போட்டாள். மைனஸ் ஒன்று. இறக்கம். குறுக்குக் கோட்டிலும் இல்லை, நெடுக்குக் கோட்டிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மூலைவாட்டில் போகிறது இறக்கம். விரலை மறுபடி நனைத்து அந்த மூலைவாட்டுக் கோட்டையும் இழுத்தாள். முதலில் போட்ட கோடுகள் அதற்குள் காயத் தொடங்கியிருந்தன, இது மட்டும் பளபளத்தது. அட, இதுவும் அதே ஆரியங்காவுதான். சாலை நாம் கோடு போட்ட திசையில்தான் போக வேண்டும் என்று அதற்கு என்ன தலையெழுத்து? நாம் கிழக்கையும் வடக்கையும் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, வழியே இல்லை, சுற்றிலும் மலை என்று உட்கார்ந்துவிடுகிறோம், சாலை வடகிழக்கில் சத்தமில்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆரும் டியும் கோட்டின்மேல் நடந்தவனைத்தான் கேட்டுச் சொல்லும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்க எஸ்ஸைத் தவிர ஆள் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அமலோற்பவம் டீச்சர் என்னட்டி என்று பார்த்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்துவிட்டது. பரீட்சை லீவுக்கு யாழிசையைத் தீர்த்தகிரியிடம் அனுப்பும்போதெல்லாம் அவர்களுக்குள் ஒரு பழக்கம்: இவள் தென்காசியிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள், அவன் அரூரிலிருந்து வருவான், பாதி வழியில் திண்டுக்கல்லில் பிள்ளையைக் கைமாற்றிக்கொண்டு அவரவர் பஸ்ஸைப் பிடிப்பார்கள். எதிர்க்கடையில் ஒரு பரோட்டா, ஒரு டீ, அவ்வளவு நேரந்தான். அந்த நேரத்தில் அவன் எவ்வளவு பேசுவான். சுகாதார நிலையத்துக் கதையெல்லாம் நடித்துக் காட்டுவான், ரத்தம் எடுக்க வந்த ஆள் ஊசியைப் பார்த்து ஓடினதைச் சொல்லி யாழிசைக்குப் புரையேறும். இவள் அவன் தட்டிலிருந்து பிய்த்துத் தின்பாள், அவன் வீட்டிலும் செய்ததில்லை, அப்பா வீட்டிலும் செய்ததில்லை. அங்கே யாரும் யார் வீட்டு விருந்தாளியும் இல்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியே அவன் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு நாலெட்டு நடக்கும். அவள் அதை ஒரு நல்ல பரோட்டாக்கடை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடைக்கு என்ன வந்தது. அவள் பாதி நகர்ந்தாள், அவனும் பாதி நகர்ந்தான், அதுதான். எட்டு வருஷமாகக் கையில் விடையை வைத்துக்கொண்டு கணக்கு வரவில்லை என்று அழுதவள் அவள். கண் கரித்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜலதோஷம் என்றாள் அமலோற்பவம் டீச்சரிடம், அவள் கேட்காமலேயே.

உடனே பயமும் வந்தது. சேர்ந்து நகர்ந்தால்தானே மைனஸ் ஒன்று. ஒருத்தர் முன்னேயும் ஒருத்தர் பின்னேயும் போனால்? எக்ஸ் ஒன்று, ஒய் மைனஸ் ஒன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு, மூன்று கூட, ஐந்து. அதுவும் நடந்ததுதான். ஒரு வருஷம் இவள் மனசை இறக்கி, சரி, அரூருக்கே வந்துவிடுகிறேன் என்று சொன்ன அதே மாசம் அவன் அம்மா வீட்டுக்குப் பின்னால் தனக்கென்று ஓர் அறை கட்டத் தொடங்கினான், ஒற்றைக் கட்டில் போடுகிற அளவுக்கு. அந்த ஐந்து எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. காலை நேரம், கையுறையோடு இருப்பான், போன் மேசை டிராயருக்குள் கிடக்கும். மறுபடி கூப்பிட்டாள். அவனைக் கேட்காமல் நான் எப்படிப் போய் ஓர் ஊரைச் சொல்வது? நான் மட்டும் போய் நின்றால் அப்பாவும் இல்லை, அவனும் இல்லை, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெரியாத ஊரில், அதைவிட மேடு ஏது. கதவு திறந்து இன்னோர் எண், இவளுக்கு முந்தின எண். அவள் பெஞ்சைப் பார்த்தாள், கோடுகள் எல்லாம் காய்ந்து போயிருந்தன, மரம் வெறும் மரமாக இருந்தது. எக்ஸுக்கு ஒன்று போடு. மற்றதை விடு. எக்ஸ் ஒன்று என்று ஆகிவிட்டால் மீதி என்ன? ஒன்று, கூட்டல் ஒய் ஸ்கொயர், கழித்தல் மூன்று ஒய். இவள் ஓரடி ஏறிவிட்டால், அதுவரை சமதரையாக இருந்த அவன் தரை சமதரையாக இல்லை. அவன் காலுக்கடியில் மைனஸ் மூன்று. சாய்கிறது, இவளை நோக்கிச் சாய்கிறது. எஸ் என்றால் இதுதான், நான் ஓரடி எடுத்து வைத்தால் உன் தரை எவ்வளவு சாய்கிறது என்பது. உன்னுடைய பிடிவாதமும் என்னுடைய பிடிவாதமும் சேர்ந்து பெரிதா, நம் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கிற இந்த இழுப்பு பெரிதா, அதைத்தான் கழித்துப் பார்க்கிறார்கள். இத்தனை நாளும் அவன் நகரட்டும் என்று அவளும், அவள் நகரட்டும் என்று அவனும், அவரவர் தட்டையான தரையில் நின்று மற்றவர் தரையைச் சாய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த இழுப்பு மூன்றுதான் என்று யார் சொன்னது. கணக்கில் மூன்று என்று போட்டது அவள் கைதானே. அரையாக இருந்தால்? அரை என்றால் இது நிஜமாகவே பள்ளம், ஏறினவள் ஏறினதுதான். அதற்குச் சாட்சி திண்டுக்கல் மட்டுந்தான், ஒரு டீ, ஒரு பரோட்டா, பஸ்ஸோடு நாலெட்டு நடந்த ஒரு கை.

குழல்வாய்மொழி என்று கூப்பிட்டார்கள். பெயரைப் பாதியில் தடுக்கி, குழல் என்று சொல்லி நிறுத்தி மறுபடி கூப்பிட்டார்கள். எழுந்தபோது முழங்கால் பெஞ்சில் இடித்தது. அமலோற்பவம் டீச்சர் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, போ, இந்தத் தடவயாவது வாயத் தொறந்து ஓர் ஊரச் சொல்லு என்றாள். உள்ளே ஏசி இருந்தது, ஏசியால் அறை குளிரவில்லை, பயத்தால் இவள் குளிர்ந்தாள். அலுவலர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளைஞரிடம் கணக்கு, கணக்குக்கு எடு என்றார். திரையில் ஊர்கள் ஓடின. அரூர்ப் பக்கம் ஒன்று இருந்தது, அவன் சுகாதார நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். அதைப் பார்த்ததும் அலுவலரே உதவி செய்கிற முகத்தோடு, உங்க வீட்டுக்காரர் அங்கதான இருக்கார்னு போட்டிருக்கு, அதையே தேர்வு பண்ணிப் பூட்டிடலாமா என்றார். அவள் தலையசைக்கவில்லை. ஊர்கள் நகர்ந்தன, கிருஷ்ணகிரி, நாமக்கல், கரூர். திண்டுக்கல் மாவட்டம் வந்தது. வேடசந்தூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளி. அந்த ஊரை பஸ் ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறாள், ஒரு பாலம், ஒரு புளியமர வரிசை, அவ்வளவுதான் தெரியும். அங்கே யாருடைய அப்பாவும் இல்லை, யாருடைய அம்மாவும் இல்லை. அது என்று விரலை நீட்டினாள்.

அலுவலர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "உங்க ஊரும் இல்ல, அவர் ஊரும் இல்ல. ரெண்டுங்கெட்டான் இடமா இருக்கே. யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா டீச்சர்?"

"யோசிச்சுத்தான் சார். நாங்க ரெண்டு பேரும் இதுவர ஒரே நேரத்துல நகந்து பாத்ததில்ல."

அவருக்கு அது விளங்கவில்லை, விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. பிரிண்டர் இருமிக்கொண்டு ஆணையைத் துப்பியது. கையெழுத்துப் போடும்போது வழக்கமான கையெழுத்து வரவில்லை, கல்யாணப் பதிவேட்டில் போட்டது மாதிரி முழுப் பெயரையும் எழுதினாள். வெளியே வந்து, கூட்டத்தைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கம் வேப்பமர நிழலில் நின்றாள். ஆணையை ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பொங்கலுக்கு மொட்டைமாடியில் கேட்டீங்களே என்று எழுதி, அழித்து, வேடசந்தூர் என்று மட்டும் எழுதினாள். ஒரு டிக் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. அதுதான் அவள் வாழ்க்கையிலேயே உயரமான இடம், ஓரடி ஏறிவிட்டாள், கீழே பார்க்கப் பயமாக இருந்தது. அந்த நேரத்தைக் கழிக்க முப்பிடாதிக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தாள், குரலில் சொன்னால் நடுக்கம் தெரியும் என்று எழுதினாள்: எஸ் இல்லாவிட்டால் ஒவ்வொருத்தரும் தனியாகப் போன கதைதான் தெரியும், சேர்ந்து போனால் என்ன என்று தெரியாது, எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஒய் ஸ்கொயர் கழித்தல் மூன்று எக்ஸ் ஒய் எடுத்து மூலைவாட்டில் நடந்து பார். கடைசியில், எனக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சேர்த்தாள். சேர்த்த பிறகு மனசு கொஞ்சம் லேசானது.

இரண்டாவது டிக் விழுந்து, இரண்டும் நீலமாயின. அவன் எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. கல்யாணமான புதிதில் தென்காசியில் வாடகை வீடு பார்க்கப் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது, ஏன் அப்போது வந்தது என்று தெரியாது. புரோக்கர் அறைகளைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருக்க, இவன் எதையும் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தான். புரோக்கர் சிரித்தார். சும்மா வந்துட்டுப் போறவன் எந்தத் தண்ணியும் குடிப்பான், குடியிருக்கப் போறவன் முதல்ல தண்ணியத்தான் பார்க்கணும் என்றான் அவன். அதற்கப்புறம் எந்த ஊரைப் பற்றியும் தண்ணீர் எப்படி என்று அவன் கேட்டதில்லை. மூன்று மாசம் தென்காசியில் இருந்தபோதும் அப்பா வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு நாளும் பிடித்துக் குடித்துப் பார்க்கவில்லை, டம்ளரில் கொடுத்ததைக் குடித்தான். வேப்பம்பழம் ஒன்று அவள் தோளில் விழுந்தது. தட்டிவிட்டாள். போன் அதிர்ந்தது.

"அங்க தண்ணி நல்லா இருக்குமா குழலி?"